வெரோனிக்கா கையில் என் கலியாணச் சால்வை

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் என் கணவர் அன்ரன் எங்கள் சமையலறையில் சிலுவை சுமந்தார்.

சிலுவைக்குப் பதிலாக அவர் தோளில் இருந்தது உடுப்புக்கு இஸ்திரி போட்டு மினுக்கும் பலகை. அதன் இரும்புக் கால் ஒன்று சரியாக மடியாமல் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இடித்துக்கொண்டிருந்தது. அடுப்பில் பருப்பு கொதித்தது. அவர் ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றி, பலகையைத் தோளில் சாய்த்து, முகத்தை மட்டும் நிமிர்த்தினார். நான் அவருக்கு முன்னால் ஒரு துவாயை விரித்துப் பிடித்தபடி நின்றேன்.

"நீர் இப்ப வெரோனிக்கா," என்றார். "அசையக் கூடாது. என்ரை கண்ணைப் பாரும். நானும் உம்மைப் பாப்பன். கண் வேறை எங்கையும் போகக் கூடாது."

கதை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இயேசு சிலுவையைச் சுமந்துகொண்டு போகிற வழியில், கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, தன்னுடைய துணியால் அவருடைய முகத்தைத் துடைத்த பெண்தான் வெரோனிக்கா. துடைத்த துணியில் அவருடைய முகம் அப்படியே பதிந்துவிட்டது என்று கத்தோலிக்கர் சொல்வார்கள்.

பார்த்தேன். அவரும் பார்த்தார். ஒரு மூச்சு விட்டு வாங்கியிருக்க மாட்டோம், அவருடைய வாயோரம் துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. பலகை சரிந்து வெங்காயக் கூடைக்குள் விழுந்தது. அவர் நிலத்தில் இருந்தபடியே விழுந்து விழுந்து சிரித்தார். திரும்பவும் செய்து பார்த்தோம். திரும்பவும் அதே கூத்து.

"உம்மோடை ஏலாதப்பா," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "றீற்றாவோடை எண்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. அவ சுருவம் மாதிரி நிப்பா. நானும் நிண்டிடுவன்."

சுருவம் என்றால் கோயில்களில் வைக்கும் சொரூபம். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் வாயில் அது சுருவம்தான்.

பருப்பு அடிப்பிடிக்கிற மணம் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு அவர் தீய்ந்த பருப்பைத்தான் சாப்பிட்டார்.

வெள்ளியும் ஞாயிறும்

சென்ற வாரம் இந்தத் தொடரில் என் கலியாணக் கதையைப் படித்துவிட்டு, "சைவப் பிள்ளை நீங்கள், வேதக்காரரைக் கட்டி எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் வேதக்காரர் என்றால் கிறிஸ்தவர். சமாளிக்க அதில் பெரிதாக ஒன்றும் இல்லை அம்மா. எனக்கு வெள்ளிக்கிழமை, அவருக்கு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பேருமே "கோயிலுக்குப் போட்டு வாறன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவோம். எந்தக் கோயில் என்பதைக் கிழமையை வைத்து எங்கள் மகள் கண்டுபிடித்துக்கொள்வாள்.

மீன் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் இரண்டு பேருக்கும் ஒரே சட்டி. அது பெரிய வெள்ளி. எனக்கும் அன்று மரக்கறி, அவருக்கும் ஒருசந்தி நோன்பு.

ஞானஸ்நானம் எடு என்று அவர் என்னை ஒருநாளும் கேட்டதில்லை. அவருடைய தாயார் ஊரிலிருந்து தொலைபேசியில் சுற்றிவளைத்துக் கேட்டிருக்கிறார். இவர் கேட்டதேயில்லை. "ஒருக்கால் கோயிலுக்கு வந்து கடைசி வாங்கிலை இருந்து பாரும்" என்றுகூடச் சொன்னதில்லை. பத்து வருடமாக அதை நான் மரியாதை என்றுதான் நினைத்துப் பெருமைப்பட்டேன். என் சிநேகிதிகளிடம் சொல்லிக்கூடப் பெருமையடித்திருக்கிறேன்.

றீற்றா வந்த பிறகு எனக்கு அது வேறு மாதிரித் தோன்றத் தொடங்கியது. ஒருவேளை, கேட்டால் நான் வந்துவிடுவேனோ என்று பயந்தாரோ? ஒரு மனிதன் தன்னுடைய வீட்டில் ஓர் அறையை மட்டும் பூட்டியே வைத்திருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று பெண்டாட்டி யோசிக்க மாட்டாளா?

றீற்றா

றீற்றா என்பது நான் வைத்த பெயர். உண்மைப் பெயரைப் போட்டால் ஒஸ்லோவில் நான் கடைக்கும் போக முடியாது. என் கணவரைப் பற்றிப் பயமில்லை. அவர் இந்தத் தொடரைப் படிப்பதில்லை. அவருக்கு செய்தியும் உதைபந்தாட்டமும் போதும்.

அவள் என் கணவரின் ஊர்க்காரி. கடற்கரை ஊர். இவர்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். இவருடைய தாயார் அவளைத்தான் மருமகளாக்க நினைத்திருந்தார். இரண்டு பக்கமும் பேசி, ஏறக்குறைய முடிந்தும்விட்டதாம். அதற்குள் சண்டை மூண்டு, இவர் கொழும்புக்கு ஓடி, அங்கிருந்து நோர்வேக்கு வந்து, மொழி வகுப்பில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்துவிட்டார். மிச்சக் கதைதான் போன வாரம் எழுதினேனே.

பல வருடம் கழித்து றீற்றாவும் கலியாணமாகி ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்தாள். கணவர் செல்வம் பேருந்து ஓட்டுபவர், பசுமாடு மாதிரி மனிதர். சுரங்க ரயில் பாதை முடிகிற வெஸ்ட்லியில் வீடு. அவள் வயோதிபர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை செய்தாள். நாங்கள் புருசெத்தில். பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். பெரிய தூரமில்லை. எனக்குப் போதாத தூரம்.

அவளிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்பதுதான் பெரிய குறை. என்னை "அக்கா, அக்கா" என்பாள். வந்தால் கை கழுவிவிட்டுக் காய் வெட்டித் தருவாள். ஆனால் நான் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தேன். ஒஸ்லோவில் உள்ள அத்தனை தமிழ் ஆண்களையும் "அண்ணா" என்று கூப்பிடுகிறவள், என் கணவரை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "தேத்தண்ணி வேணுமோ எண்டு கேளுங்கோ அக்கா" என்று என்னிடம் சொல்லுவாள். அவர் பக்கத்திலேயே இருப்பார்.

தவக்காலம் வந்தால் இரண்டு பேரும் பசாம் பாடுவார்கள். ஆண்டவருடைய பாடுகளை ஒப்பாரி மாதிரி இழுத்துப் பாடுகிற பாட்டு. இவர் தொடங்க, அவள் எடுப்பாள். எங்கே மூச்சு விடவேண்டும், எங்கே விடக்கூடாது என்பது இரண்டு பேருக்கும் ஒன்றாகத் தெரியும். பத்து வருடம் ஒரே கட்டிலில் படுத்தவள் நான், எனக்குத் தெரியாத மூச்சு அது. எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஆள் சுருவமாகும் ஊர்

இந்தக் கூத்தையெல்லாம் தொடக்கி வைத்தவர் லூச்சியா என்ற இத்தாலியப் பெண்மணி. அன்ரன் போகும் கோயிலில் அவரை எல்லோரும் சினோரா என்பார்கள். அறுபது வயதிருக்கும். நோர்வேக்காரரைக் கட்டி வந்து, அவரையும் புதைத்துவிட்டு, வெண்கட்டி மாதிரி நரைத்த தலையோடு தனியாக இருந்தார். அவர் நோர்வேஜிய மொழியை இத்தாலிய ராகத்தில் பேசுவார், நாங்கள் யாழ்ப்பாண ராகத்தில் பேசுவோம். நடுவில் ஒரு நோர்வேக்காரர் நின்றால், அந்த மனிதருக்கு மட்டும்தான் ஒன்றும் விளங்காது.

இத்தாலியின் தெற்கில் மலையோரமாக இருக்கிற சின்ன ஊராம் அவருடையது. பெரிய வெள்ளியன்று அந்த ஊரில் மரச் சுருவங்களைத் தூக்குவதில்லையாம். ஊர்ச் சனங்களே வேஷம் கட்டி மேடைகளில் சுருவமாக நிற்பார்கள். கெத்சமனித் தோட்டம் ஒரு மேடை, சாட்டையடி ஒரு மேடை, சிலுவைப்பாதை ஒரு மேடை. ஆட்கள் அதைச் சுமந்துகொண்டு ஊரைச் சுற்றுவார்கள். மேடையில் நிற்பவர் இமையைத் தவிர எதையும் அசைக்கக் கூடாது. தெருப் பிள்ளைகள் அவித்த கடலையை மூக்கில் எறிந்து பார்ப்பார்களாம். அப்போதும் அசையக் கூடாது. அசைந்துவிட்டால் அந்த வருடம் முழுக்க இறைச்சிக் கடைக்காரன்கூடக் கேலி செய்வான். சினோராவின் தகப்பனார் வாழ்நாள் முழுக்க யூதாசாக நின்றவர். "எங்கள் ஊரிலேயே மிக நல்ல யூதாஸ்" என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கும்.

இதைக் கேட்டு என் கணவருக்குத் தலைகால் தெரியவில்லை. அவருடைய ஊரில் உடக்குப் பாஸ் என்று ஒன்று உண்டு. திரைக்குப் பின்னால் ஆட்கள் நின்று கயிற்றை இழுக்க, பாடுகளின் பொம்மைகள் தலையாட்டும், கை தூக்கும், விழும்.

"அங்கை பொம்மையை ஆளாக்கினனாங்கள்," என்றார் என்னிடம். "இஞ்சை ஆளைப் பொம்மையாக்கப் போறம். பாரும், எப்பிடி இருக்கும் எண்டு!"

தவக்காலம் தொடங்கியதும் சினோரா ஆட்களைப் பொறுக்கினார். இயேசுவுக்கு அன்ரன். தாடியும் ஒட்டின கன்னமும் போதுமாக இருந்தது. நான் என்ன கொட்டிச் சமைத்துப் போட்டும் ஒட்டாத உடம்புக்குக் கடைசியில் இப்படி ஒரு மரியாதை. சிலுவைப்பாதை மேடையில் அவரோடு யார் என்று கேட்டேன்.

"வெரோனிக்காவோ? றீற்றாவாம்," என்றார் செருப்பைக் கழற்றியபடி.

'ஆம்' போட்டுச் சொன்னார். யாரோ தூரத்து ஆளைப் பற்றிச் சொல்வது போல. எனக்கு அந்த 'ஆம்'மைத்தான் பொறுக்க முடியவில்லை.

கண்ணை எங்கே வைப்பது

மேடையில் நிற்பதற்கு சினோரா சொல்லிக்கொடுத்த ஒரு முறை இருந்தது. மனிதன் அசைவது காலால் அல்லவாம், கண்ணால்தானாம். கண் ஓரிடத்தில் நின்றால் உடம்பு தானாக நிற்கும். ஆனால் மேடை நகரும்போது வெளியில் உள்ள மரமும் வீடும் ஓடும், அவற்றில் கண்ணை வைக்க முடியாது. மேடையிலே எது ஓடாமல் நிற்கிறதோ அதில்தான் வைக்க வேண்டும். அப்படி நிற்பது எதிரில் இருப்பவருடைய முகம் மட்டும்தான்.

ஆக, என் கணவர் றீற்றாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே ஊரைச் சுற்ற வேண்டும். அவள் இவருடைய கண்ணை. இதற்கு வாரத்தில் இரண்டு பின்னேரம் ஒத்திகை.

ஒருநாள் குடையை மறந்துவிட்டார் என்ற சாட்டில் நானும் போய்க் கோயில் மண்டபத்தின் கதவோரமாக நின்றேன். சுவரில் பழைய மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் இவர் முழங்காலில், எதிரில் அவள் குனிந்தபடி. இரண்டு பேரும் மூச்சு விடுகிறார்களா என்றுகூடத் தெரியவில்லை. சிறுவர் பாடசாலையில் வேலை செய்கிறவள் நான். நாள் முழுக்க "ஸ்தில்லே, ஸ்தில்லே" என்று குழந்தைகளை அமைதியாக இருக்கச் சொல்லித் தொண்டை வற்றினவள். இப்படி ஒரு அமைதியை என் வாழ்நாளில் கண்டதில்லை. குடையைக் கதவில் கொளுவிவிட்டு வந்துவிட்டேன்.

என்னைப் பார்த்தால் ஒரு நிமிடம் தாக்குப்பிடிக்காத கண், அவளைப் பார்த்து இவ்வளவு நேரம் நிற்கிறது. சமையலறைப் பலகை ஒத்திகை அதற்குப் பிறகு வந்ததுதான். நானே கேட்டு நின்றேன். என்ன நடந்தது என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே.

பெரிய வெள்ளிக்கு முந்தின கிழமை அலுமாரியைத் திறந்து எதையோ தேடினார். எங்கள் கலியாணத்தன்று அவர் தோளில் போட்டிருந்த வெள்ளைச் சால்வையை எடுத்தார். மெல்லிய சரிகைக் கரை போட்டது. நான் நப்தலின் உருண்டை வைத்து மடித்து வைத்திருந்தேன்.

"சினோரா நல்ல வெள்ளையா ஒரு துணி கேட்டவ. இது அளவாயிருக்கும். கரையை உள்ளுக்கு மடிச்சால் தெரியாது."

"உதை ஆர் பிடிக்கப் போறது?"

"வெரோனிக்காதான். வேறை ஆர்?"

"கடையிலை துணி இல்லையோ?"

"இருக்கிறதை விட்டுட்டு ஏனப்பா காசைக் கரியாக்குவான்?"

ஆண்கள் சில நேரம் எவ்வளவு வெள்ளை மனதோடு நெஞ்சில் குத்துகிறார்கள் என்பதற்கு இது சாட்சி. எனக்குப் பதிலாகச் சட்டி பானைகள் பேசின.

மேசையில் பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலை நிமிராமல், "அம்மா ஷலூ," என்றாள்.

"என்னடி அது?"

"பொறாமை. அம்மாக்குப் பொறாமை." தமிழில் விளங்கப்படுத்திவிட்டுத் தன்பாட்டில் எழுதினாள்.

எனக்கா பொறாமை, என்று கேட்டேன். ஓம், எனக்குத்தான். அதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும்? என்னுடைய புருஷன், என்னுடைய சால்வை. முகத்தில் வடிகிற இரத்தம்கூட என்னுடையது. சினோரா கொடுத்த சிவப்பு மை தோலைக் கடித்ததால், என் குங்குமத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்துக் கொடுத்திருந்தேன். என் சாமான்கள் எல்லாம் மேடையில் இருந்தன. நான் மட்டும்தான் இல்லை.

பெரிய வெள்ளி

சமாதானப் பேச்சுவார்த்தைக்காரர் ஒஸ்லோவுக்கு வந்து போய்க்கொண்டிருந்த காலம் அது. ஊரில் சண்டை நின்றிருந்தது. சனங்களுக்கு ஊர்வலம் வைக்கவும் மனம் வந்திருந்தது.

பெரிய வெள்ளியன்று ஒஸ்லோவில் நோர்வேக்காரரைக் காண முடியாது. தோடம்பழத்தையும் துப்பறியும் கதைப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு மலைக்குடில்களுக்குப் போய்விடுவார்கள். கடைகள் பூட்டு. நகரத்தை வெளிநாட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது மாதிரி இருக்கும். தெருவோரத்தில் கறுத்துப்போன பனி கிடந்தது. வழுக்காமலிருக்கக் குளிர்காலம் முழுக்கக் கொட்டிய சரளைக்கல் காலுக்குக் கீழே நெரிந்தது.

"நான் வரேல்லை," என்று காலையிலேயே சொல்லிவிட்டேன்.

"சரி," என்றார். அவ்வளவுதான். "வாருமப்பா" என்று ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

மத்தியானம் திரும்பியிருக்கும், கீழ்வீட்டு மனோ அக்கா தொலைபேசி எடுத்தார். எங்கள் ஊர்ப்பக்கம்தான் அவரும். சைவம் என்றால் பச்சைச் சைவம்.

"கௌரி, ஊர்வலம் எங்கடை ரோட்டாலை வருதாம். கீழை வாரும்."

"ஏன் அக்கா?"

"சுவாமி வீதியுலா வருகுது. அதுவும் உம்மடை மனுசன்தான் சுவாமி. வாசல்லை ஒரு நிறைகுடம் வைக்காமல் சும்மா நிக்கலாமோ?"

"ஐயோ அக்கா, இது தேர்த்திருவிழா இல்லை. அவையளுக்கு இண்டைக்குச் செத்தவீடு மாதிரி. தேங்காய் எல்லாம் உடைக்கிறேல்லை."

"செத்தவீட்டிலையும் தேங்காய் உடைக்கிறதுதானே," என்றார் மனோ அக்கா.

இதில் மனோ அக்காவைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாது. எங்கள் ஊரில் மாதா சுருவம் வலம் வந்தபோது சைவ வீட்டு வாசல்களிலும் நிறைகுடம் வைத்ததை நானே கண்டிருக்கிறேன். வாசலால் வருகிற தெய்வத்திடம் நீ எந்தச் சமயம் என்று யார் கேட்பது? கீழே போனேன். கட்டடத்தின் வாசலில் பிளாஸ்டிக் முக்காலி, அதன்மேல் குடம், மாவிலைக்குப் பதிலாக ஏதோ ஒரு பச்சை இலை. என் கையில் கற்பூரத் தட்டைத் திணித்துவிட்டு, தேங்காயோடு அவர் முன்னுக்கு நின்றார்.

ஊர்வலம் வளைவில் தெரிந்தது. சிலுவை பிடித்த பிலிப்பினோப் பெண்கள், போலந்துக்காரர், வியட்நாம்காரர், பிறகு எங்கள் சனம். சத்தமே இல்லை. சரளைக்கல் நெரிகிற ஓசை மட்டும். சினோராவின் ஊரில் மேடைகளைத் தோளில் சுமப்பார்கள். எங்களுக்கு அவ்வளவு தோள் இல்லாததால், காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கும் திறந்த வண்டிகளில் மேடை கட்டியிருந்தார்கள்.

சிலுவைப்பாதை வண்டியை இழுத்து வந்தவர் றீற்றாவின் செல்வம். பேருந்து ஓட்டிப் பழகிய கை, தண்ணீர்க்குடம் வைத்திருந்தாலும் தளும்பாது.

அவர்களைக் கண்டேன். மெல்லிய அங்கியில் இவர் ஒரு முழங்காலில். நெற்றியிலிருந்து என் குங்குமம் வடிந்து தாடியில் காய்ந்திருந்தது. எதிரில் நீலத் துணி போர்த்த றீற்றா, என் சால்வையை இரண்டு கையாலும் விரித்தபடி. குளிர்காற்று அடித்தது. சால்வை மட்டும்தான் அசைந்தது. பார்த்த கண் பார்த்தபடி இரண்டு பேரும்.

அழகாக இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் பொய். அவ்வளவு அழகாக இருந்ததுதான் எனக்கு ஆத்திரம்.

அசைந்த சுருவம்

வண்டி நேராகப் போயிருக்க வேண்டும். ஆனால் செல்வம் நிறைகுடத்தைக் கண்டுவிட்டார். நிறைகுடம் வைத்த வாசலில் நிற்காமல் போனால் அந்த வீட்டை அவமதித்தது மாதிரி என்பது எங்கள் ஊரில் சைவருக்கும் தெரியும், வேதக்காரருக்கும் தெரியும். அவருடைய கால் தானாகவே பிறேக்கை மிதித்திருக்கும். வண்டி எங்கள் வாசலுக்கு நேரே நின்றது. பின்னால் வந்த அத்தனை நாட்டுச் சனமும் நின்றது. தூரத்தில் சினோரா இரண்டு கையையும் உயர்த்தி "போ, போ" என்று காட்டினார்.

மனோ அக்கா தேங்காயைச் சீமெந்துக் கட்டில் அடித்தார்.

அந்த அமைதியில் அது வெடி மாதிரிக் கேட்டது. தேங்காய்த் தண்ணீர் தெறித்தது. போலந்துக்காரர் சிலர் சிலுவை அடையாளம் போட்டார்கள். நான் என்ன செய்வதென்று தெரியாமல், கற்பூரத்தைக் கொளுத்தித் தட்டைத் தூக்கினேன். தூக்கும்போது இவருடைய முகத்தைப் பார்த்தேன்.

இவர் என்னைப் பார்த்தார்.

எப்போது கண்ணைத் திருப்பினார் என்று தெரியாது. வாயோரம் துடித்தது. எனக்கு அந்தத் துடிப்புத் தெரியும். பிறகு தோள் குலுங்கியது. சிலுவை மெல்லச் சரிந்து வண்டியின் விளிம்பில் இடித்தது. சமையலறையில் பலகை விழுந்த அதே கூத்து. சிரித்தாரா, அழுதாரா என்று எனக்கு இன்றும் சரியாகத் தெரியாது. இரண்டும்தான் போல. கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, இயேசு என்னைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தட்டை இன்னும் உயரத் தூக்கினேன். பார்த்தாயா என்று கேட்க றீற்றாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் அசையவில்லை. இவருடைய கண் முன்பு எங்கே இருந்ததோ அங்கேயே அவளுடைய கண் நின்றது. பார்க்க அங்கே இப்போது யாரும் இல்லை. சால்வையைப் பிடித்த கை நடுங்கவில்லை. ஒரு துளி கண்ணீர் மட்டும் கன்னத்தால் இறங்கி, நாடியில் நின்று, விழுந்தது.

செல்வம் வண்டியை எடுத்தார்.

சினோரா சொன்னது

கடைசியில் நானும் ஊர்வலத்துக்குப் பின்னால் கோயில் மண்டபம் வரைக்கும் போனேன். கற்பூரத் தட்டோடு போனேன், வைக்க இடமில்லாமல்.

சினோரா என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டார். தேங்காய்க்காகத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். தேங்காயைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

"நீதான் மனைவியா? நல்லவேளை, உன்னை மேடையில் ஏற்றவில்லை," என்றார் பாதி நோர்வேஜியத்தில், பாதி கையால். "எங்கள் ஊரில் புருஷனையும் பெண்டாட்டியையும் ஒரே மேடையில் வைக்க மாட்டோம். காதலிப்பவர்களையும் வைக்க மாட்டோம், சண்டைக்காரரையும் வைக்க மாட்டோம். இரண்டு பேருக்கு நடுவில் ஏதாவது இருந்தால் உடம்பு நிற்காது. ஒன்றும் இல்லாத ஆட்களாகத்தான் பார்த்து வைப்போம். உன் புருஷனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன், இங்கே யாரைப் பார்த்தால் உனக்கு ஒன்றும் ஆகாது என்று. யோசிக்கவேயில்லை. அந்தப் பெண்ணைக் காட்டினான்."

அத்தனை கிழமையாக வேகவைத்த கோபம், ஒரு வசனத்தில் ஆறிப்போனது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அவளையும் கேட்டீர்களா?"

"கேட்டேன். தலையை ஆட்டினாள். சம்மதம் என்று நினைத்தேன்."

"அவளும் அசைந்தாளே. அழுதாள், நான் கண்டேன்."

சினோரா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு தன் கோட்டுப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டே சொன்னார்.

"எங்கள் ஊரில் கண்ணீரை அசைவில் சேர்ப்பதில்லை."

அன்ரன் குளிரில் பல் கிட்டிக்க வந்து என் முன்னால் கதிரையில் இருந்தார். முழங்கால் நீலம் பாய்ந்திருந்தது. "உம்மாலைதான்," என்றார். "சுவாமிக்கே தீபம் காட்டி அசைச்சுப்போட்டீர்." முகத்தை நீட்டினார். மேசையில் கிடந்த சால்வையை எடுத்து நான்தான் துடைத்தேன். குங்குமமும் எண்ணெயுமாக அதில் அப்பிக்கொண்டது. நெற்றி, கன்னம், தாடி என்று அவருடைய முகம் மாதிரியே ஒரு கறை.

றீற்றா கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கண்ணோரம் சிவந்திருந்தது. என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, "சரியான காத்து அக்கா" என்று அவளாகவே சொன்னாள்.

"அதைத் தாங்கோ அக்கா. நான் கழுவிக் கொண்டுவந்து தாறன். குங்குமக் கறை லேசிலை போகாது."

எங்கள் வீட்டிலும் சலவை இயந்திரம் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவும் வாயெடுத்தேன். ஆனால் கை நீட்டிக் கொடுத்துவிட்டது. அவள் அதை மடித்தாள். கறை உள்ளே போகும்படியாக, சரிகைக் கரை வெளியே தெரியும்படியாக.

அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய வெள்ளி வந்து போய்விட்டது. அடுத்த வருடமும் அதே மேடை, அதே இரண்டு பேர். வெரோனிக்கா கையில் கடையில் வாங்கின புதுத் துணி. நான் மனோ அக்காவைத் தேங்காயோடு வீட்டுக்குள் இருத்திவிட்டு, மறைவாக நின்று பார்த்தேன். இவர் அசையவே இல்லை. றீற்றா எங்கள் வீட்டுக்கு வருகிறாள், புட்டு அவிக்க உதவி செய்கிறாள், "அவருக்குக் குழம்பு காணுமோ எண்டு கேளுங்கோ அக்கா" என்கிறாள். சால்வை திரும்பி வரவில்லை. அதைப் பற்றி அவளும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மகள் பெரியபிள்ளையாகி, அவளுடைய சாமத்தியச் சடங்குக்கு முதல்நாள் இவர் அலுமாரியைக் கவிழ்த்துப்போட்டுத் தேடினார்.

"எங்கையப்பா என்ரை கலியாணச் சால்வை?"

"அதோ? கறை போகேல்லை எண்டு எறிஞ்சிட்டன்," என்றேன்.

அதை ஒருத்தி இன்னும் வைத்திருக்கிறாள் என்று தெரிந்தால், பிறகு அவரால் றீற்றாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்க முடியாது.